கிடா சிலுப்பவில்லை

வலது தொடையில் ஊசி இறங்கிய இடம் நெல்லிக்காய் அளவுக்குத் தடித்துக் கிடந்தது. முத்திருளன் அதை விரலால் அமுக்கிப் பார்த்தான். சுள்ளென்று வலித்தது. இடது தொடையிலும் அதே மாதிரி ஒன்று. ஆள் உயர வெங்காய மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு லாரிப் பலகையில் ஏறி இறங்கிய கால்கள். இப்போது முடி மாதிரி இருக்கிற ஒரு ஊசிக்கு விறைத்துக்கொண்டன.

"இன்னைக்கு வேணாம் புள்ள. சாமி காரியம். வந்து பாத்துக்கிருவம்."

அவன் பெண்டாட்டி அன்னக்கொடி காதில் விழாதவள் போல அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாத்திரத்தில் கண்ணாடிச் சிரிஞ்சு கொதித்துக் கடகடவென்று ஆடியது.

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீக. ஒரு நாள்தானன்னு விட்டேன். மறுநாளு மேமூச்சு கீமூச்சு வாங்கிக் கெடந்தீக. நர்ஸம்மாகிட்ட வசவு வாங்குனது நானு."

"சரி, போடு. போட்டாத் திங்கணும்ல? இன்னைக்குத் திங்கலாமா?"

அவள் அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்தாள்.

கிடா வெட்டுவதாக நேர்ந்தது அவள்தான். தை மாதத்தில் ஒருநாள் பரவை மார்க்கெட்டில் மூட்டையோடு மூட்டையாகச் சாய்ந்தவனை வெங்காயம் ஏற்ற வந்த வண்டியிலேயே தூக்கிப் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சு அடைத்துவிட்டது என்றார்கள். வராந்தாவில் நின்றபடி அவள் கருப்பனைக் கூப்பிட்டாள். 'இந்த உசுரத் திருப்பிக் குடு. ஒனக்கு ஒரு கெடா' என்றாள். கருப்பன் கொடுத்தான். டாக்டர் கூடவே இன்னொன்றையும் கொடுத்தார். ரத்தத்தில் சர்க்கரை ஏகமாக ஏறிக்கிடக்கிறது, எத்தனை வருசமாகவோ இருந்திருக்கிறது, மாத்திரைக்கு அடங்காது, இனிமேல் காலையிலும் சாயங்காலமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும் என்றார்.

ஊசி போடப் பழக்கிய நர்ஸம்மா கண்டிப்பானவள். "ஊசி போட்ட அரை மணியில சோறு வயித்துல இருக்கணும். இல்லன்னா சர்க்கரை அடியோட எறங்கிரும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், குடிச்ச ஆளு மாதிரி ஒளறுவாரு. உடனே இனிப்பு எதையாச்சும் வாயில போடு. ஏற்கெனவே அடி வாங்குன நெஞ்சும்மா. இன்னொரு அடி தாங்காது." அன்னக்கொடிக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் பேச்சு மட்டும் அப்படியே மனசில் பதிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் முந்தானையில் ஒரு கருப்பட்டித் துண்டு முடிந்தே இருக்கும்.

நேர்ந்தவளும், யாருக்காக நேர்ந்தாளோ அவனும், கிடா விழுந்து சாமிக்குப் படைத்து முடிகிற வரை பச்சைத்தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது. அது கருப்பன் கோயில் கட்டு. சோறு இல்லாமல் ஊசி போட்டால் ஆபத்து. ஊசி இல்லாமல் விட்டாலும் ஆபத்து. விடியற்காலையிலிருந்து அவள் இதையே மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"கோயிலுக்குக் கொண்டுக்கிட்டுப் போவம்," என்றாள் கடைசியில். "கெடாய நிப்பாட்டுற நேரம் பாத்துப் போட்டுவிடுறேன். வெட்டு விழுந்த கையோட பொங்கச் சோறு குடுத்துருவாக. கணக்காச் சரியா இருக்கும்."

"எவனும் பாத்தா?"

"பாக்காமப் போடுறேன்."

"சத்தியம் பண்ணு. ஒருத்தர்ட்டயும் மூச்சு விடக் கூடாது."

பண்ணினாள். அவன் பயத்துக்குக் காரணம் மேஸ்திரி நல்லகாமன். மார்க்கெட்டில் சுமை ஆட்களுக்கெல்லாம் அவன்தான் மேஸ்திரி. "கெடா வெட்டி முடிச்சிட்டு வா மாப்ள. மூட்டை தூக்க வேணாம், தராசடியில நில்லு" என்று சொல்லியிருந்தான். நெஞ்சு வலி வந்ததும் போனதும் அவனுக்குத் தெரியும். ஊசி தெரியாது. தினம் ரெண்டு ஊசியில் ஓடுகிற உடம்பு என்று தெரிந்தால் தராசடியில் எவன் நிற்கவிடுவான்?

மருந்துப் பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, வாய் குறுகின சின்ன மண்பானைக்குள் தண்ணீரில் இறக்கி வைத்தாள். வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். சூடு பட்டால் மருந்து கெட்டுப்போகும் என்று நர்ஸம்மா சொன்னதற்கு அவள் கண்ட வழி. பானை வாயில் ஈரத்துணி கட்டினாள். கொதித்த சிரிஞ்சை ஒரு துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நல்லகாமனே மார்க்கெட் லாரியைக் கொண்டுவந்திருந்தான். கிடாயை ஏற்றி, அரிசி, சட்டி பானை, உறவுச் சனம் என்று அடைத்துக்கொண்டு வண்டி கிளம்பியது. அலங்காநல்லூர் தாண்டிக் கண்மாய்க்கரை மண் ரோட்டில் லாரி தூக்கித் தூக்கிப் போட்டது. அன்னக்கொடி பானையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தாள்.

"என்னத்தா அது, புள்ளையப் புடிக்கிற மாதிரிப் புடிச்சிருக்க?" என்றான் நல்லகாமன்.

அவளுக்கு வாயில் வந்தது அதுதான். "தீர்த்தம்ணே. அழகர் மலைத் தீர்த்தம்."

முத்திருளன் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தை வெளியே திருப்பிக்கொண்டான்.

கருப்பன் கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் இருந்தான். கூரை கிடையாது. ஒரு கல், சுற்றிலும் நட்டுவைத்த அரிவாள்கள். பூசாரி சிவனாண்டி முத்திருளனுக்குப் பங்காளி முறை. அவர் பெண்டாட்டி செல்லக்கிளி பொங்கலுக்கு அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தாள். அன்னக்கொடி குனிந்து விறகு தள்ளினபோது செல்லக்கிளி அவள் இடுப்பைத் தட்டினாள்.

"அடியே, முந்தியில எறும்பு மொய்க்கிது பாரு. என்னத்த முடிஞ்சு வச்சிருக்க?"

அன்னக்கொடி மறைப்பதற்குள் செல்லக்கிளி முடிச்சை அவிழ்த்துவிட்டாள். "நல்ல பனங்கருப்பட்டி! பானக்கத்துக்கு வெல்லம் பத்தலன்னு இப்பத்தான் ஒங்க பூசாரி கத்திக்கிட்டு இருந்தாரு. சாமிக்குன்னு கொண்டாந்ததப் போயி இடுப்புல முடிவாளா ஒருத்தி?"

"இல்லக்கா, அது…"

"எது?"

சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான். சத்தியம் பண்ணின வாய். கருப்பட்டி பானக்கச் செம்புக்குள் விழுந்து கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெயில் உச்சிக்கு வருகிற நேரம் பூசாரி கையைத் தட்டினார். "பொங்கல் எறக்கியாச்சு. கெடாயப் புடிங்கப்பா, நல்ல நேரம் போயிரும்."

அன்னக்கொடி பானையை எடுத்துக்கொண்டு லாரியின் மறைவுக்குப் போனாள். கண்ணைக் காட்டியதும் முத்திருளன் ஒன்றுக்குப் போகிறவன் மாதிரி வந்தான். வேட்டியை ஒதுக்கித் தொடையைக் காட்டினான். ஊசி நுழைந்தபோது பல்லைக் கடித்தான்.

"சுருக்கா முடிச்சிருவாகல்ல?" என்றாள்.

"கெடா நிக்கிது, அருவா நிக்கிது. இன்னும் என்ன."

கிடா நின்றது. அதுதான் தொல்லையாகப் போயிற்று.

மாலை போட்டுச் சாமி முன்னால் நிறுத்தி மஞ்சள்தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமிக்குச் சம்மதம். சிலுப்புகிற வரை அரிவாள் இறங்காது. பூசாரி தண்ணீரைத் தெளித்தார். உறுமி முழங்கியது. கிடா தலையைத் திருப்பித் தன் கழுத்து மாலையில் ஒரு பூவைக் கடித்துத் தின்றது.

"எலேய், இன்னொரு செம்பு கொண்டாங்கடா."

இன்னொரு செம்பும் போயிற்று. காது வழியாகத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடா அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"வெயிலுக்குக் குளிக்க ஊத்துறாகன்னு நெனச்சிருச்சுப்பா," என்று ஒருத்தன் சொல்லச் சிரிப்பு எழுந்தது.

"மாலையத் தின்னு முடிச்சதும் எலை போட்டுச் சோறு கேக்கும் பாரு."

அன்னக்கொடி சிரிக்கவில்லை. வயிறு அவளுக்கும் எரிந்தது. அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. முத்திருளன் கைகட்டி நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புளிய நிழல் கல்லை விட்டு நகர்ந்து அடுப்புப் பக்கம் போயிருந்தது. அரை மணி எப்போதோ போய்விட்டது. அவள் பூசாரியிடம் போனாள்.

"இன்னும் எம்புட்டு நேரம் பூசாரி? அவுகளுக்கு மட்டும் ஒரு வாய்…"

"என்னத்தா பேச்சு இது? நேந்தவ நீயி. சாமி பசியோட நிக்கையில ஒம் புருசனுக்கு என்ன அவசரம்?" அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இதுல ஏதோ குத்தம் இருக்கப்பா. யாரோ என்னத்தையோ மறைக்கிறீக. அதான் ஏத்துக்க மாட்டேங்கிது."

சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. அன்னக்கொடி கையிலிருந்த பானையை இறுக்கிப் பிடித்தாள். நல்லகாமன் கையை உயர்த்தினான்.

"அந்தப் புள்ள அழகர் மலைத் தீர்த்தம் வச்சிருக்குல்ல. அதத் தெளிங்களேன், கெடா என்ன, லாரியே சிலுப்பும்."

"அப்படியா? கொண்டா அத," என்று பூசாரி கையை நீட்டினார்.

அவள் பானையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "இது… இது வீட்டுக்குன்னு கொண்டாந்தது."

"சாமிக்கு இல்லாத தீர்த்தம் என்ன வீட்டுக்கு?"

"தர மாட்டேன்."

குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. செல்லக்கிளி மோவாயில் கை வைத்தாள். "காலையில கருப்பட்டியையும் இப்படித்தான் முடிஞ்சு வச்சிருந்தா. என்ன வந்துச்சு இவளுக்கு?"

அப்போதுதான் முத்திருளன் ஆடினான்.

முதலில் கைவிரல்கள். பிறகு தோள். சட்டை இல்லாத முதுகில் வேர்வை ஓடை ஓடையாக இறங்கியது. கண் எங்கோ நிலைகுத்தி நின்றது. வாய் எதையோ முணுமுணுத்தது.

"எறங்கிருச்சு! சாமி எறங்கிருச்சுடோய்!"

உறுமிக்காரன் வேகம் பிடித்தான். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ கிடாயின் கழுத்தில் மிச்சமிருந்த மாலையை உருவி முத்திருளன் கழுத்தில் போட்டார்கள். பூசாரி திருநீற்றை அள்ளி அவன் நெற்றியில் அப்பி, நட்டுவைத்த அரிவாள் ஒன்றைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தார். அரிவாள் அவன் கையில் தடதடவென்று ஆடியது.

"சொல்லு சாமி! என்ன குத்தம்? ஏன் கெடாய ஏத்துக்கல?"

"நனையுது…" என்றான் முத்திருளன். நாக்கு குழறியது. "மூட்டை நனையுது… எறக்குங்கடா…"

"மழை! மழை வருதுங்குது சாமி!"

"எம்புட்டு நாளுல சாமி?"

"பலகையப் புடி… வழுக்குது…"

"நல்ல மழைங்குது. வழுக்குற மழை!"

கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு சம்சாரி எக்கிக் கத்தினார். "பூசாரி, கெழக்கு மடைக்குத் தண்ணி பாயுமான்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு!"

அன்னக்கொடி அசையாமல் நின்றாள். ஒருவேளை சாமிதானோ? அவள் கூப்பிட்டு வந்த சாமிதானே. வராந்தாவில் நின்று கூப்பிட்டதற்கு வந்த சாமி, இங்கே அதன் வாசலிலேயே வராதா? சாமி வந்த உடம்பைத் தீட்டுக்காரி மாதிரி போய்த் தொட்டு இழுத்தால் என்ன ஆகும்? கால் நகரவில்லை.

முத்திருளனின் இடது கை மெல்ல உயர்ந்தது. நெஞ்சின் இடது பக்கத்தைத் தேய்த்தது. தை மாதம் மூட்டையின் அடியிலிருந்து இழுத்துப் போட்டபோதும் அந்தக் கை இதே இடத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தது என்று பார்த்தவர்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அவள் ஓடினாள். அவன் கையைப் பிடித்தாள். கண்மாய்ச் சேறு மாதிரிச் சில்லென்று இருந்தது. அரிவாளைப் பிடுங்கி எறிந்தாள். அதற்குள் அவன் முழங்கால் மடங்கியது. அவனைத் தாங்கி மடியில் சாய்த்துக்கொண்டு கத்தினாள்.

"சாமி இல்ல! இது ஊசி! ஊசி போட்டுருக்கேன், சோறு குடுக்கல! இனிப்புக் குடுங்க யாராச்சும்!"

உறுமி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் புரியவில்லை. "அவ மேலயும் வந்துருச்சு" என்றது ஒரு குரல்.

பானக்கச் செம்பு கருப்பன் காலடியில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. எட்டினாள். பூசாரி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏய்! படைக்காதது!"

"விடும்யா!"

"எச்சிப் பண்ணாத! குடி வெளங்காது, சொல்லிட்டேன்!"

"என் கருப்பட்டிய்யா அதுல கெடக்கு!"

கையை உதறிச் செம்பைப் பிடுங்கினாள். பாதி சிந்தியது. விரலை உள்ளே விட்டு, அடியில் கரையாமல் கிடந்த கருப்பட்டிக் குழம்பை வழித்து அவன் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தாள். மறுபடி வழித்தாள், மறுபடி தேய்த்தாள். தொண்டை அசைந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். வாய் ஓரம் வழிந்தது. "முழுங்குங்க. முழுங்குங்க மாமா. முழுங்கித் தொலைங்க."

உறுமி நின்றது. பொங்கல் பானையின் மூடி காற்றுக்கு லேசாக ஆடுகிற சத்தம் கேட்டது.

செம்பு காலியானது. முத்திருளனின் நடுக்கம் மெல்லத் தணிந்தது. பார்வை தெளிந்தது. மாலையைத் தொட்டுப் பார்த்தான். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். "என்ன புள்ள?" என்றான்.

"ஒண்ணுமில்ல. படுங்க."

பூசாரி காலிச் செம்பை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். "சாமிக்குப் படைக்க முன்ன எடுத்து மனுசனுக்கு ஊட்டிட்டியேத்தா. பொழச்சாலும் செத்தாலும் கருப்பன் பாத்துக்கிற மாட்டானா?"

"பாத்துக்கிட்டாரு. உசுரக் குடுத்தாரு. குடுத்ததக் காலம்பறயும் சாயங்காலமும் ஊசியக் குத்தி நாந்தான காத்துக்கிட்டுக் கெடக்கேன்?" அழுகையும் கோபமுமாகப் பானை வாய்த் துணியை அவிழ்த்தாள். பிளாஸ்டிக் பையை வெளியே இழுத்துப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "இந்தா இருக்கு அழகர் மலைத் தீர்த்தம். எல்லாரும் பாத்துக்கங்க."

பார்த்தார்கள். நல்லகாமன் கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு லாரிப் பக்கம் போனான்.

அன்றைக்கு வெட்டு இல்லை. படையல் எச்சிலான இடத்தில் கிடா விழக் கூடாது, கல்லைக் கழுவிச் சாந்தி பண்ணி அடுத்த ஆடிக்குத்தான் என்று பூசாரி சொல்லிவிட்டார். பொங்கலை யாரும் தொடவில்லை. அது கண்மாய்க்குள் காக்கைக்குப் போயிற்று. அதிலிருந்து இரண்டு கை சோற்றை மட்டும் அன்னக்கொடி யாரையும் கேட்காமல் எடுத்து, லாரி மறைவில் வைத்து அவனுக்கு ஊட்டினாள். கறிச்சோறு நம்பி வந்த சனம் வெறும் வயிற்றோடு லாரியில் ஏறியது.

"ஆடு திங்க வந்தோம். ஆட்டம் பாத்துட்டுப் போறோம்," என்றான் ஒருத்தன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

முத்திருளன் கிடாயின் பக்கத்தில் சாக்கில் சாய்ந்திருந்தான். லாரி அலங்காநல்லூரைத் தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னான். "சொல்லிட்டயே."

"சொல்லாம?"

"சத்தியம் பண்ணுனியே புள்ள."

"பண்ணுனேன். பொணத்துக்கிட்டயா சத்தியத்தக் காப்பாத்துறது?"

பரவையில் இறங்கும்போது நல்லகாமன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முத்திருளன் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "மாப்ள, நாளைக்கு வர வேணாம். தராசடியில வெயிலு சாஸ்தி. ஒடம்பத் தேத்து. பெறகு சொல்லி விடுறேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. நேரத்துக்குத் தின்னாப் போதும். நல்லா நிப்பேன்."

"சொல்லி விடுறேன்யா."

லாரி போய்விட்டது. கிடாயின் கயிறு அன்னக்கொடி கையில் இருந்தது.

பொழுது சாயப் போகிற நேரம். கிடாயை வாசல் வேப்பங்கன்றில் கட்டினாள். அது கன்றின் தழையைத் தின்ன ஆரம்பித்தது. விரட்டத் தெம்பில்லை. காலையிலிருந்து அவள் வயிற்றில் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்து முதலில் சோற்றை ஏற்றினாள். சோறு கொதித்துப் பதமாகிற வரை சிரிஞ்சைத் தொடவில்லை. சோறு வடித்த பிறகுதான் சிரிஞ்சைப் பாத்திரத்தில் போட்டாள். இனி அந்த வரிசைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முத்திருளன் வாசல்படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். மார்க்கெட் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் தலை நிமிர்ந்தது.

"சொல்லி விடுவானா?" என்றான்.

"தெரியல."

"விட மாட்டான்."

அவள் சோற்றுத்தட்டை அவன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். ஊசியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் தெருவிலிருந்து பார்வையை எடுக்காமல் வேட்டியை ஒதுக்கினான். தடிப்புக்குத் தள்ளி ஒரு இடம் தேடிக் குத்தினாள். இந்தத் தடவை பல்லைக் கடிக்கவில்லை. வலித்ததா என்று தெரியவில்லை.

பாட்டிலுக்குப் புதுத் தண்ணீர் மாற்ற வேண்டும். பானையிலிருந்த பழைய தண்ணீரை வாசலில் வீசி ஊற்றினாள். பாதி மண்ணில் விழுந்தது, பாதி கிடாயின் முதுகில் விழுந்தது.

கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் படபடவென்று சிலுப்பியது. தண்ணீர்த் துளி தெறித்து அவன் சோற்றுத்தட்டு வரைக்கும் வந்து விழுந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"இப்பச் சிலுப்பி என்னத்துக்கு?" என்றான் முத்திருளன்.

"அது கெடக்கட்டும். நீங்க சோத்தத் தின்னுங்க."

அவன் ஒரு கவளத்தை எடுத்து வாயில் வைத்தான். மென்றுகொண்டே கிடாயைப் பார்த்தான். ஆடி வரைக்கும் அதற்குத் தழை வேண்டும், தண்ணீர் வேண்டும். அதுவரைக்கும் இவனுக்கு ஊசியும் உசுரும் வேண்டும். அன்னக்கொடி தனக்கென்று ஒரு கை சோற்றை அள்ளினாள்.

கருப்பனுக்கு ஒரு கெடா பாக்கி.